கோபுரத்தின் கடல் பக்கம்

தாம்சினுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கோபுரத்து மொட்டைமாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

ட்ரென்வாலன் ஊர்த் தேவாலயக் கோபுரத்துக்குக் கடல் பக்கம் மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். அது அழகுக்காக இல்லை. கீழே பாறைமுனையில், மத்தி மீன் கூட்டம் வருகிறதா என்று பார்ப்பவன் உட்காரும் வெள்ளைக் குடில் ஒன்று இருக்கிறது. கடலிலிருந்து வருகிறவனுக்கு அந்தக் குடிலின் நேர் மேலே வெள்ளைக் கோபுரம் தெரிய வேண்டும். இரண்டையும் சேர்க்கும் அந்த நேர்க்கோட்டைப் பிடித்து வந்தால் இரண்டு பாறைகளுக்கும் நடுவே படகு நுழைந்துவிடும். குடில் மட்டும் தெரிந்தால் கரை எங்கே என்று தெரியும், வழி தெரியாது.

ஆண்டுதோறும் படகுகள் தொலைதூர மீன்பிடிப்புக்குப் போயிருக்கும்போதே பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாக அடித்துவிடுவார்கள். இந்த வருஷம் சுரண்டி முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது. பூசிய சுண்ணாம்பெல்லாம் பாலாக வழிந்தோடியது. இன்றுதான் தூறல் விட்டிருக்கிறது. கோபுரமும் சாம்பல், வானமும் சாம்பல். இந்த நேரம் பார்த்து, சொன்ன நாளுக்கு முன்பே தூரத்தில் ஒரு பழுப்புப் பாய். அவள் புருஷன் டிகரியின் படகு.

"சும்மா நில்லு பொண்ணே, எனக்குத் தலை சுத்துது," என்றார் மணியடிக்கும் ஹேன்னிபல்.

"வேற என்ன வெள்ளையா இருக்கு மாமா இங்க?"

"என் தாடிதான். தொங்கவிடவா?"

அவள் சிரிக்கவில்லை. நாளை புனிதர் திருநாள். விருந்து மேசைத் துணிகள் துவைத்துக் கீழறையில் இருந்தன. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, பாதிரியார் சம்சாரம் என் தோலை உரிச்சிடுவாங்க!"

"உரிக்கட்டும், அதையும் சேர்த்துத் தொங்கவிடலாம்."

மணிக்கயிற்றில் கட்டி இறக்கினார்கள். காற்று துணிகளைச் சுருட்டி மேலேயே வீசியது. படகோ குடிலை மட்டும் பார்த்து மேற்குப் பாறைக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

"மேல இழுத்து, அந்த மூலையில மிச்சமிருக்கிற சுண்ணாம்புத் தொட்டியில முக்குங்க மாமா!"

ஹேன்னிபல் கயிற்றை இழுத்துத் துணிகளை முக்கி மறுபடி இறக்கினார். கனத்துப்போன துணி மடமடவென்று இறங்கிச் சுவரோடு அப்பிக்கொண்டது.

தாம்சின் சுவரைப் பிடித்துக் குனிந்தாள். அங்கிருந்து பார்க்கிற கோடும் அதே கோடுதான். படகு சரியாக வந்தால் குடிலின் கூரைக்கு நேர் மேலே பாய்மரம் நிற்கும். அது விலகி நின்றது. அசைந்தது. மெல்ல நகர்ந்து கூரையின் மேல் வந்து ஏறி நின்றது.

"வந்துட்டான்டி," என்றார் ஹேன்னிபல்.

"பேசாதீங்க. இன்னும் பாறை தாண்டல," என்றாள் அவள். ஆனால் அவள் கால் இப்போது நின்றிருந்தது.