மூன்று கப்பலும் ஒரு கற்பூரச் சத்தியமும்

இந்திராதேவி அக்கா மூன்று சுடிதாருக்குத் துணி கொண்டுவந்து கொடுத்த அன்றே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஹட்டன் பஸாரில் முப்பது வருஷமாகச் சேலை விற்கிற கடையின் முதலாளியம்மா அவர். உறங்கும்போதும் சேலைதான்.

"முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கிற மாதிரி தைச்சுக் குடு நாகு" என்றார்.

"எதுக்குக்கா?"

"சும்மாதான்."

சும்மா இருக்கிற மனுஷி எதற்காக முழங்கால் வரை சுருட்ட வேண்டும்?

என் தையல் மெஷின் இருப்பது அவர்கள் துணிக்கடையின் முன்வாசலில்தான், பதினான்கு வருஷமாக. உள்ளே பேசுவது எனக்குக் கேட்கும். நான் ஒட்டுக்கேட்பதில்லை. மெஷினை நிறுத்தினால் தானாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அந்த வீட்டுக் கதை பஸாருக்கே தெரிந்தது. ஒரே மகள் ஷாமிலா. ஆறு வருஷத்துக்கு முன்னால் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் பொறியியல் படித்தவன், இப்போது மெல்பேர்னில் நல்ல வேலை. ஆனாலும் சண்முகராஜா முதலாளிக்கு லயம் லயம்தான். போதாக்குறைக்கு அவர் மாரியம்மன் கோயில் சபைத் தலைவர். அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வந்த கூட்டத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, "தரையில கால் ஊண்டி நிக்கிற வரைக்கும் நானும் என் பொஞ்சாதியும் அவ முகத்துல முழிக்க மாட்டோம்" என்று கையால் அடித்து அணைத்துவிட்டார். நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். பொஞ்சாதியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு பேரன் பிறந்தான். மூன்று வயதாகிறது. அக்கா அவன் குரலைப் போனில் கேட்பதோடு சரி. படம் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அம்மன் சத்தியத்துக்கு அப்படிப் பயம். "ஒரே ஒரு நாள் அவனைத் தூக்கி இடுப்புல வச்சிட்டா போதும் நாகு" என்று ஒருதடவை பொத்தான் எடுக்க வந்தவர், பொத்தானை மறந்துவிட்டுப் போனார்.

சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். கோழி காணாமல் போனாலும், வேலி தள்ளிப் போனாலும் ஆட்களைக் கோயிலுக்கு இழுத்துப்போய்க் கற்பூரம் அடிக்கவைக்கிறவரே அவர்தான். அவர் சொல் போனால் பிறகு எந்தக் கோழித் திருடன் பயப்படுவான்?

சுடிதார் வந்த அதே வாரம் கஜேந்திரன் வந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பயண முகவர் நிலையம் வைத்திருப்பவன். காசிக்கும் சபரிமலைக்கும் ஆள் சேர்ப்பான். வந்த நேரத்தைப் பாருங்கள்: முதலாளி சாப்பிடப் போயிருக்கும் பகல் ஒரு மணி. நான் மெஷினை நிறுத்தினேன்.

"இதுல நூறு பேரு அக்கா. போற எடத்துல கப்பல் கட்டுற ஜெட்டிப் பாலம் கெடையாது. ரப்பர் போட்ல கொண்டுபோய் எறக்குவாங்க. முழங்கால் தண்ணியில நடக்கணும்."

"லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்களா?"

"குடுக்காம? சின்னக் கப்பல்னா அதுதான் அக்கா வசதி. பெரிய கப்பல் போக முடியாத எடத்துக்கெல்லாம் பூந்து போயிரும்."

சின்னக் கப்பல், நூறு பேர், ரப்பர் படகு, முழங்கால் தண்ணீர். இந்த நாட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கள்ளப் படகில் அவுஸ்திரேலியா! கடற்படை பிடித்து, முகத்தை மறைத்துப் பேப்பரில் படம் போடுவார்களே, அது.

எதிரே வெற்றிலைக் கடை அம்மாக்கண்ணுவிடம் போனேன். உறுதி செய்துகொள்ளத்தான்.

"புருசனுக்குத் தெரியாம ஓடப் போகுதுடி அந்தப் பொம்பள" என்றாள் அவள், பாக்கு வெட்டியை நிறுத்தாமல். "நேத்து ஃபார்மசியில வாந்தி மாத்திரை வாங்கிச்சு. நானே பார்த்தேன்."

"ஒனக்கு அங்க என்ன வேலை?"

"ஒனக்கு என்ன வேலையோ அதே வேலைதான்."

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். இரவெல்லாம் கண்ணுக்குள் அக்கா ரப்பர் படகில் மிதந்தார். ஞாயிற்றுக்கிழமை அரைநாள் கடை முடிந்து, முதலாளி தனியாக இருந்தபோது உள்ளே போனேன்.

"மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. அக்கா கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காங்க."

"என்ன மாதிரி?"

"கப்பல் மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்தார். மேசை லாச்சியைத் திறந்து மூன்று பளபளப்பான புத்தகங்களை எடுத்து என் முன்னால் போட்டார். அட்டையில் கப்பல்கள். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனாக் கோடுகள். அந்தப் பேனா அவருடையது. சேலையில் பழுது கண்டால் அதைக்கொண்டுதான் குறி போடுவார்.

"ஒட்டுக்கேட்டது போதும். உக்காரு" என்றார். "நீ கேட்டது பாதி. மாலைதீவுல ஓடுற உல்லாசக் கப்பல்மா இது. முறையா பாஸ்போட்டோட, டிக்கட்டோட போறது. ஷாமிலா அந்தப் பக்கமிருந்து வந்து ஏறுவா. நாங்க இந்தப் பக்கமிருந்து."

"சத்தியம்?"

"தரையில நிக்கிற வரைக்கும்னுதானே சொன்னேன்? கப்பல் தரையா?"

ஆறு வருஷமாக ஒருவர் இதை யோசித்துக்கொண்டா சேலை மடித்தார்! எனக்கு அப்போதும் சந்தேகம் விடவில்லை. "பிளேன்லயே பார்த்திருக்கலாமே மொதலாளி, அதுவும் தரையில்லையே?"

"ஒன்றரை மணி நேரத்துல பெல்ட்டைக் கட்டி அவுக்கத்தான் சரியா இருக்கும். பேரனை எங்க கொஞ்சுறது?" குரல் தாழ்ந்தது. "கேளு. நாளைக்கு ஊர் வாயில விழுந்தேன்னா, அந்த வாய் முதல்ல ஒன்னோடதுதான். அதான் கேக்குறேன். எந்தக் கப்பல்ல போனா ஒன்னால குத்தம் சொல்ல முடியாது?"

மரியாதையா, திட்டா என்று தெரியவில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் கப்பல் கஜேந்திரன் சொன்ன நூறு பேர்க் கப்பல். மீன், பவளம், பறவை பற்றி விளக்க மூன்று படித்தவர்கள் கூடவே வருவார்கள். தினம் இரண்டு தடவை ரப்பர் படகில் ஏதாவதொரு தீவில் இறக்குவார்கள்.

"எறங்காம மேலேயே இருந்துக்கிறோம்" என்றார் முதலாளி.

"நூறு பேர் எறங்குறப்ப நீங்க ரெண்டு பேரு மட்டும் குந்திக்கிட்டு இருந்தா, வயித்தால போகுதுன்னு டாக்டரை அனுப்புவாங்க. அதோட, அக்காவுக்கு அந்தச் சுடிதார் எதுக்காம்? முழங்கால் வரைக்கும் சுருட்டச் சொன்னாங்களே. அவங்க எறங்கத்தான் பார்க்கிறாங்க மொதலாளி."

அவர் முகம் மாறியது. முதல் புத்தகம் மூடப்பட்டது.

இரண்டாவது, பாய்மரம் வைத்த வெள்ளைக் கப்பல். அறுபது பேர். அறைக்கு ஒரு பணியாள், தலையணையில் இனிப்பு, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோட்டு. கல்யாண மாப்பிள்ளைகள் போகவேண்டியது. படத்தில் அது ஒரு துறைமுகத்தில் பலகை போட்டுக் கட்டப்பட்டிருந்தது.

"கயிறு போட்டுக் கட்டியாச்சுன்னா அது கரையோட சேர்ந்ததுதான்" என்றேன். "முளையில கட்டின மாடு யாரு மாடு? முளைக்காரன் மாடு. அம்மாக்கண்ணு இதை வச்சே ஒரு மாசம் வெத்தலை விப்பா."

"அதுவும் போக, பன்னெண்டு வயசுக்குக் கீழ பிள்ளைங்கள ஏத்த மாட்டாங்களாம்" என்று ஒரு வரியைக் காட்டினார். பேரனுக்கு இடமில்லாத கப்பலை எதற்கு அவ்வளவு நேரம் புரட்டினாரோ! கோட்டு ஆசையாக இருக்கும்.

மூன்றாவது ஒரு மரப்படகு. ஒன்பது அறை, பதினெட்டு பேர், ஊர்க்காரச் சமையல்காரன், எல்லோருக்கும் ஒரே நீள மேசை. கோட்டும் இல்லை, விரிவுரையும் இல்லை. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். குழந்தைகள் வரலாம்.

"நங்கூரம் அடியில தரையைத் தொடுமே?" என்று அவரே பயந்தார்.

"நங்கூரம் தொட்டா நங்கூரத்தோட பாவம். ஒங்க கால் இல்லையே."

ஒரே ஒரு வில்லங்கம். ஒருநாள் சாயங்காலம் கடல் நடுவே ஒரு மணல்திட்டில் இறக்கி, அங்கேதான் சாப்பாடு. அதன் மேல் முதலாளி இரண்டு தடவை கோடு போட்டிருந்தார். "அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் படகுலயே சாப்பாடு. கஜேந்திரன்கிட்ட எழுதியே வாங்கிட்டேன்."

"அப்ப இதுதான். இதுல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றேன். சொல்லும்போதே வருத்தமாகத்தான் இருந்தது.

பெப்ரவரியில் போனார்கள். வேட்டியோடு படகு ஏறமுடியாது என்று முதலாளிக்கு ஒரு நீளக் காற்சட்டை தைத்தேன். கீழே வெளிப்பக்கம் மடித்துவிடும் மடிப்பு வேண்டாம், இப்போது யாரும் வைப்பதில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்டதில் மடிப்பு இருந்ததாம்.

பத்து நாளில் கறுத்துத் திரும்பினார்கள். அக்கா படங்களைக் காட்டினார். முதல் படத்தில் ஷாமிலா அவர் தோளில் முகத்தைப் புதைத்து நிற்கிறாள். அடுத்ததில் பேரன் அக்காவின் இடுப்பில். எல்லாப் படத்திலும் முதலாளியின் பாதம் பலகைமேல் தெரிகிற மாதிரி பார்த்து எடுத்திருந்தார்கள், சாட்சிக்கு. மருமகன் ஒரு படத்தில் அவருக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். குற்றம் ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் முதலாளி காற்சட்டையைக் கொண்டுவந்து போட்டார். "இடுப்பைக் கொஞ்சம் தளத்திக் குடு. அந்தச் சமையல்காரன் சோறு போட்டே கொன்னுட்டான்."

எந்தத் துணி வந்தாலும் முதலில் பையைத் துழாவுவது என் பழக்கம். ஒரு சின்னச் சிப்பி இருந்தது. பேரன் மணல்திட்டிலிருந்து பொறுக்கி வந்து தாத்தா பைக்குள் போட்டிருப்பான். அதில் தப்பில்லை. பிறகு கீழ் மடிப்பைப் பிரித்தேன். வெள்ளை மணல், ஒரு தேக்கரண்டி அளவு, என் மடியில் கொட்டியது. இரண்டு காலிலும் இருந்தது. மடிப்பு ஓரத்தில் உப்புநீர் காய்ந்த கோடு.

பையில் மணல் என்றால் பேரன். மடிப்பில் மணல் என்றால் நின்றவர்தான்.

கடைக்குள் எட்டிப் பார்த்தேன். முதலாளி துணி அளந்துகொண்டிருந்தார். முழக்கோலை விட்டுவிட்டுக் கையாலேயே அளந்தார். அக்கா மேசையில் போனைச் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தார். தொட்டுத் தூக்கியாயிற்று, இனிமேல் படத்தில் என்ன இருக்கிறது என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். அதில் பேரன் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

எனக்கு வாய் அரித்தது. ஆறு வருஷத்தில் பஸாருக்கு இப்படி ஒரு செய்தி கிடைத்ததில்லை. எதிரேயிருந்து அம்மாக்கண்ணு, தெருவில் பஸ் போகிறது என்றுகூடப் பாராமல் கத்தினாள்.

"என்னாடி, பத்து நாளும் அந்த மனுசன் தரையில கால் வைக்கலையாம்! நீ நம்புறியா?"

மடியில் இருந்த மணலை வடிகானில் உதறினேன். மூடுபனியில் அது எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

"நான் தைச்ச காச்சட்டை" என்று நானும் கத்தினேன். "எனக்குத் தெரியாதா?"