கூட்டின் நடு நிறம்

நோர்வேயின் வெஸ்ட்லிப் பகுதி அடுக்குமாடிகளில் வாழும் தமிழர் எவரும் தம் வீட்டில் பூச்சி உண்டென்று சொல்வதில்லை. மருந்தைப் பைக்குள் மறைத்து வாங்கி வருவார்கள். கேட்டால், பூச்சி வேறெங்கிருந்தோ வந்ததாக இருக்கும். தையல்காரி நேசமணியும் இருபது ஆண்டுகளாக அவ்வாறே நடந்துகொண்டவர். அவர் வீட்டிலிருந்து அந்தச் சொல் ஒருமுறை வெளியேறினால், அடுத்த துணி உள்ளே வராது.

பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கும் மயூரா தன் பூனாட்டை, நோர்வேயின் கம்பளித் தேசிய உடையை, இடுப்புத் தளர்த்துவதற்காக அவரிடம் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது. தேசிய நாளுக்கு ஆறு நாட்களே இருந்தன. எடுக்க வந்தவள் கறுப்புப் பாவாடையின் மடிப்பில் மூன்று துளைகளைக் கண்டாள்.

“தரேக்கை இது இருக்கேல்லை, அன்ரி.”

“உங்கடை வீட்டு அலுமாரியைப் பாத்தனியே?”

“அம்மாவின்ரை அலுமாரிக்குள்ளை பூச்சி நுழையிறதுக்கே இடமில்லை.”

நேசமணி சிரிக்கவில்லை. “அப்ப மேல்வீட்டு இந்தியப் பிள்ளையின்ரை சால்வையோடை வந்திருக்கும். ரண்டு கிழமையாய் இஞ்சைதான் கிடக்கு.”

மயூரா மடிப்பிலிருந்து அரிசியளவான குழல் ஒன்றை உள்ளங்கையில் எடுத்துக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“பெல்ஸ்மோல் எண்ட அந்துப்பூச்சி. சாம்பல் செட்டை, அதிலை மங்கலா மூண்டு புள்ளி. வெளிச்சத்துக்கு வராது. வளந்த பூச்சி ஒண்டும் தின்னாது. கம்பளியிலை முட்டையிட்டிட்டுச் செத்துப்போகும். தின்னுறது புழுதான். தின்ற கம்பளியிலையே கூடு கட்டி, அதை இழுத்துக்கொண்டு திரியும். கடைசியிலை அதுக்குள்ளையே கூட்டுப்புழுவாகும். வளர வளர ரண்டு முனையிலையும் கூட்டிக் கட்டும். நடுவிலை இருக்கிறதுதான் பழசு. இதின்ரை முனை கறுப்பு, நடு சிவப்பு. அந்தச் சால்வை என்ன நிறம்?”

“பச்சை.” யோசிக்குமுன் சொல் வந்துவிட்டது.

மயூராவின் பார்வை அறையை மெதுவாகச் சுற்றியது.

“தேத்தண்ணி வைக்கிறன்” என்று எழுந்த நேசமணி சமையலறைக்குப் போகவில்லை. உள்ளறையில், பூனாட் தொங்கிய அலுமாரியின் அடித்தட்டில் அவருடைய சிவப்புக் கம்பளிப் போர்வை இருந்தது. விரித்தார். இழை தின்னப்பட்ட திட்டுகளில் சிவப்புக் குழல்கள் ஒட்டியிருந்தன, ஒன்று நகர்ந்தது. மடித்து வைத்து, அலுமாரிக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

“மேல்வீட்டுக்காரியிட்டைச் சிவப்புக் கம்பளியும் இருக்கலாம், என்ன அன்ரி?” என்றாள் மயூரா. அது கைகொடுப்பதா, பொறி வைப்பதா என்று நேசமணிக்கு விளங்கவில்லை.

“இருக்கலாம்.”

அழைப்புமணி அடித்தது; நேசமணி கதவைப் பாதி திறந்தார். மேல்வீட்டு ஹம்சத்வனி; தமிழ்நாட்டிலிருந்து வந்து நான்கு மாதங்கள்தான்.

“ஷால் ரெடியா ஆன்ட்டி? மே மாசத்துலயும் குளிர் விட மாட்டேங்குது.”

மயூரா பூனாட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். ஹம்சத்வனி தன் மேலங்கியைக் குனிந்து பார்த்தாள்.

“என்னாச்சுங்க? என் மேல ஏதாச்சும் ஒட்டியிருக்கா?”

வெளியே, மின்தூக்கிக்காகக் காத்துநின்ற அயல்வீட்டுப் பெண்கள் இருவரும் திரும்பிப் பார்த்தனர். நேசமணி கதவை அகலத் திறந்தார்.

“உன்னிலை ஒண்டுமில்லைப் பிள்ளை” என்றார், அந்தப் பெண்களுக்கும் கேட்கும் குரலில். “பூச்சி என்ரை வீட்டிலைதான் கிடக்கு. என்ரை போர்வையிலை. உன்ரை சால்வையையும் விரிச்சுப் பாத்திட்டே கொண்டுபோ.”