முதல் துடுப்பு

நானூற்றுப் பதினொரு நாட்களுக்குப் பிறகு சாமுண்டீஸ்வரிக்கு மறுபடியும் ரத்தம் பட்டது.

அவள் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. கடைசியாகத் தூரமானது மகன் செல்வகுமார் பெங்களூருக்கு வேலைக்குக் கிளம்பிய அன்று. அவன் போய் எத்தனை நாள் ஆகிறது என்பது அவளுக்கு எப்போதும் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை அவளுக்கு. கம்பெனிக் கழிவறையில்தான் அதைப் பார்த்தாள். சின்னக் கறை. கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குத் திரும்பி, சாயங்காலம் வரை சட்டைகளில் நூல் வெட்டினாள்.

சித்திரையில் கம்பெனி கேண்டீனில் பெண்களுக்கு ஒரு மருத்துவ முகாம் நடந்தது. வந்திருந்த டாக்டர் பெண் மைக் இல்லாமலே பேசினார். "நின்னு ஒரு வருஷம் ஆனதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. பெரும்பாலும் சின்னக் காரணமாத்தான் இருக்கும். சில பேருக்குக் கர்ப்பப்பையில கேன்சரா இருக்கலாம். சீக்கிரம் வந்தா சரி பண்ணிடலாம்." பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை. 'சீக்கிரம்' என்ற சொல் மனதில் தங்கிவிட்டது.

ஆனால் ஆடி மூன்றாம் ஞாயிறுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சென்னீர்குப்பத்தில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில், அன்று கூழ் காய்ச்சுவது தூரம் நின்றுபோன பெண்கள் மட்டும்தான். அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவார்கள். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே தூக்கு வாளியோடு நிற்கலாம். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவள்தான் அண்டாவில் முதல் துடுப்புப் போட்டுக் கிளற வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து சாமுண்டீஸ்வரி கயிற்றுக்கு வெளியே நின்றவள்.

காய்ச்சுகிறவர்களுக்குத் தலைவி பொன்னியம்மா. ஆனியில் தண்ணீர் லாரி வந்த ஒரு நாள், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"உனக்கு நின்னுச்சா இல்லியாடி?"

"வருசம் ஆயிடுச்சுக்கா."

"அத்த சொல்ல மாட்டியா? அப்ப நீயும் எங்க ஜோட்டு. மொதல் துடுப்பு உன்துதான்."

அதிலிருந்து சாயங்காலங்களில் பொன்னியம்மா வீட்டு வாசலில் அவளுக்கும் ஒரு இடம் கிடைத்தது. மகன் போய்விட்டான். கணவன் சின்னசாமி இரவு ஷிப்டில் வேன் ஓட்டினார். சாப்பிட்டாயா என்று அவளை நேரில் கேட்க அந்த வாசலில்தான் ஆள் இருந்தது.

"ராவானா உள்ளார அடுப்பு எரியுதுக்கா," என்று முதல் நாள் தயங்கிச் சொன்னாள்.

"உனக்கு அடுப்பு. எனக்குக் குக்கர்டி, விசிலே வந்துடும்," என்றாள் கூழ் காய்ச்சுகிறவர்களில் ஒருத்தியான கங்கம்மா. "எங்கூட்டுக்காரன் கம்பளி போத்திக்கினு தூங்குறான். நான் ஃபேனாண்ட மூஞ்ச வெச்சிக்கினு கீறேன்."

அந்த வெக்கை தனக்கு மட்டும்தான் என்று சாமுண்டீஸ்வரி நினைத்திருந்தாள். அன்று இரவு வியர்வையில் விழித்தபோது பயம் வரவில்லை. திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

இப்போது கறையைப் பற்றிச் சொன்னால் கயிற்றுக்கு வெளியே போக வேண்டும். அந்த வாசலில் இடம் இருக்குமா என்று தெரியவில்லை. சொல்லாமல் துடுப்பைப் பிடித்தால் அம்மன் என்ன செய்வாளோ என்றும் இருந்தது. ஞாயிறு முடியட்டும், திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தாள். அதற்குள் நின்றாலும் நின்றுவிடும். இரண்டு நாள் நிற்கவும் செய்தது. பிறகு கூடுதலாகப் பட்டது.

ஒரு காலை, வேலை முடிந்து வந்த சின்னசாமியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஒடம்பு ஒரு மாதிரி கீதுயா."

"இன்னாமே, ஜொரமா?"

"ஜொரம் இல்ல."

"அப்ப சூடுதான். மோர் குடி." சட்டையைக் கழற்றியவர் அப்படியே படுத்துவிட்டார். அடுத்த சொல்லை அவள் தேடுவதற்குள் குறட்டை வந்துவிட்டது.

மகன் போனில் கேட்டான். "சாப்ட்டியாமா?"

"சாப்ட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லப்பா."

ஞாயிறு காலை மஞ்சள் தண்ணீரில் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனாள். உள்ளே நாப்கின் வைத்திருந்தாள். நடக்கும்போது எல்லோருக்கும் தெரிவதுபோல் இருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் துலுக்கானம் பந்தல் காலில் வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். அண்டாவில் தண்ணீர் கொதித்தது. புளித்த கேழ்வரகு மாவின் வாசனை தெருவெங்கும் வந்தது. அவள் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள்.

"பாத்துக் கெளறுடி," என்றாள் கங்கம்மா. "போன வருசம் நான் கெளறுனத பாத்துட்டு, இது கூழா கொழுக்கட்டையான்னு கேட்டாரு துலுக்கானம் அண்ணாத்தே."

"பல்லுல ஒட்டிக்கினு நாலு நாள் வரலியே, கேக்காம?" என்றார் அவர் அங்கிருந்தே.

எல்லோரும் சிரித்தார்கள். சாமுண்டீஸ்வரியும் சிரித்தாள். பொன்னியம்மா துடுப்பில் மஞ்சள் கயிறு கட்டினாள்.

"கம்பெனில நாளிக்கே லீவு சொல்லிடு. வெள்ளிக்கிழம மாவிளக்கு கீது, அடுத்த ஞாயிறு பால்கொடம். அப்புறம் கடேசி வெள்ளி பொங்கல். எல்லாத்துலயும் நீ கீற. இன்னா?"

சாமுண்டீஸ்வரி தலையாட்டினாள். ஆட்டும்போதே தெரிந்தது. திங்கட்கிழமை போக மாட்டாள். மாவிளக்கு முடியட்டும் என்பாள். பிறகு பால்குடம் முடியட்டும் என்பாள். இரண்டு வாரத்தில் பழகிவிட்டது, இனி எத்தனை வாரம் வேண்டுமானாலும் மறைக்க முடியும்.

பொன்னியம்மா துடுப்பை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. கயிற்றைத் தூக்கி, குனிந்து வெளியே வந்து, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"இன்னாடி, பயமா?" என்றாள் கங்கம்மா. "அம்மன் கடிக்காது, வா."

துடுப்பு நீட்டியபடியே இருந்தது. துலுக்கானம் எதையோ எடுக்கப் போவதுபோல் பந்தலுக்குப் பின்னால் போனார்.

"அக்கா," என்றாள் சாமுண்டீஸ்வரி.

"நின்னது திரும்பி வந்துட்டுதுக்கா. ரெண்டு வாரமா ரத்தம் போவுது. ஆஸ்பத்திரிக்குப் போவணும். தனியா போவ பயமா கீது."