தட்டி நிரப்பிய கப்

கொத்தனாரின் கை ஒன்றைப் பழகிக்கொண்டால் லேசில் விடாது. அளவுச் சட்டியில் சிமெண்ட் அள்ளினால் தரையில் இரண்டு தட்டு தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு, கட்டைவிரலால் வழித்துவிடுவார். கலவையில் குறைத்தார் என்று இன்றுவரை யாரும் அவரைச் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மனைவிக்கு விடியற்காலை ஷிஃப்ட் மாறியதும், மகளுக்குப் பன் சுடும் வேலை அவர் தலையில் விழுந்தது. பதினோரு வயது மகளுக்குச் சர்க்கரை நோய். சாப்பிடும் அளவுக்கு ஏற்றபடி இன்சுலின் ஊசி போட வேண்டும். மாவு மூன்று கப், பன் பன்னிரண்டு, ஒரு பன்னுக்கு இத்தனை யூனிட் என்று மனைவி எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். ஒரு கப் மாவு நூற்றிருபது கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது.

அவர் சுட்ட பன் நல்ல கனமாக வந்தது. தன் கைவாகு அப்படி என்று அவரே மெச்சிக்கொண்டார். இரண்டு வாரத்தில், விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் மகளின் சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. திருட்டுத்தனமாக எதையோ வாங்கித் தின்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நான் எதுவும் திங்கலப்பா," என்றாள் மகள்.

"மெஷின் பொய் சொல்லாது. நீதான் சொல்ற."

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று மனிதர் எடுத்துக்கொண்டார். இப்படியும் ஒரு அப்பன். பள்ளிப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார், தலையணையை உதறினார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். மிட்டாய்க் காகிதம் ஒன்றுகூட அகப்படவில்லை. கட்டில் காலில் ஒரு ரிப்பன் மட்டும் கட்டியிருந்தது. ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டார். மறுநாள் அலமாரிக்குப் பூட்டு வந்தது. தோழி வீட்டுக்குப் போவதும் நின்றது.

அப்படியும் சர்க்கரை இறங்காமல் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே உணவு ஆலோசகர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மாவை நிறுத்துப் போடுகிறீர்களா, கப்பில் அளக்கிறீர்களா என்றார். கப்பில்தான் என்றார் கொத்தனார். ஒரே கப்பில் ஆளுக்கு ஆள் எடை மாறும், வீட்டில் ஒரு தரம் நிறுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார் அந்த அம்மா.

அன்று மத்தியானமே தராசு வாங்கி மேஜையில் வைத்தார்கள். மனைவி மாவைக் கரண்டியால் கப்பில் பொலபொலவென்று போட்டு, கத்தியால் வழித்தாள். நூற்றிருபது. அடுத்து அவர் கப்பை வாங்கினார். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினார். மேஜையில் இரண்டு தட்டு. இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம். கட்டைவிரல் வழிப்பு.

நூற்று ஐம்பத்தைந்து.

நம்பாமல் இன்னொரு தரம் அள்ளினார். நூற்று ஐம்பத்தாறு. மூன்று கப்புக்கு நூறு கிராமுக்கு மேல் மாவு கூடுதல். ஊசி மட்டும் பழைய அளவு. மனைவி மாவைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

பூட்டைத் திறந்து எடுத்து, கையில் வைத்துக்கொண்டே மகளின் அறைக்குப் போனார்.

"நீ சொன்னதுதான் நிஜம்மா. அப்பாதான் மாவை அதிகமா போட்டுட்டேன். தப்பு என்னோடது."

அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ நான் தூக்கத்துல எழுந்து போய்த் திங்கலையாப்பா?"

அவருக்கு விளங்கவில்லை.

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்கல்ல. நானும் பொய் சொல்லல. அப்போ எனக்கே தெரியாமத்தான் திங்கறேன்னு நினைச்சேன். அன்னிலேர்ந்து என் காலைக் கட்டிலோட கட்டிக்கிட்டுத்தான் படுக்கறேன்."

கொத்தனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் காலில் இருந்த ரிப்பனைப் பிடித்து அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகிக் கிடந்தது. காய்ப்பேறிய விரல்களுக்கு அது பிடிபடவில்லை, கண்ணும் சரியாகத் தெரியவில்லை. கடைசியில் மகளே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவிழ்த்தாள்.