வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாம்

செல்வலட்சுமி அக்கா கேன்டீனில் என் மேசைக்கு வந்து கேசரி டப்பாவைத் திறந்தபோது, என் லேப்டாப்பில் திறந்திருந்த பட்டியலில் அவர் பெயர் நாற்பத்தோராவது வரியில் இருந்தது. சட்டென்று மூடினேன்.

"எடுத்துக்க ஜெபா. லைன்ல எல்லாருக்கும் குடுத்துட்டேன். பர்மனென்ட் ஆயிட்டேன்ல?"

அக்காவும் நானும் சேரப்பணஞ்சேரியில் ஒரே தெரு. ஒரே ஷிப்ட் பஸ். அக்கா ஆறு வருடமாக அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட். நான் இதே கம்பெனியில் இணையப் பாதுகாப்பு. நிஜத் திருடன் வருவதற்குள் நானே திருடன் மாதிரி ஒரு பொய் மெசேஜ் அனுப்பி, யார் லிங்க்கைத் தட்டுகிறார்கள், யார் பாஸ்வேர்டைக் கொடுக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலை. கூரியர் வந்திருக்கிறது என்று அனுப்பிப் பார்த்தேன், இலவச ரீசார்ஜ் என்று அனுப்பிப் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. அப்புறம்தான் யோசித்தேன், எங்கள் ஒரகடம் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் இருப்பவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று. 'நிரந்தரப் பணியாளர் பட்டியலில் உங்கள் பெயர் உள்ளது. உறுதி செய்யவும்.' திங்கட்கிழமை நானூறு பேருக்கு அனுப்பினேன். மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தட்டியிருந்தார்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே கை தட்டினேன்.

வழக்கமாகத் தட்டியவுடனேயே 'இது பயிற்சி' என்று ஒரு பக்கம் வரும். இந்த முறை அதை நான்தான் எடுத்துவிட்டேன். ஒருத்தருக்குத் தெரிந்தால் பஸ் முழுக்கத் தெரிந்துவிடும், எண்ணிக்கை கெட்டுவிடும். அந்த எண்ணிக்கையை வைத்துப் பெங்களூர் கருத்தரங்குக்குக் கட்டுரை வேறு அனுப்பவேண்டும். என் மேனேஜர் மோகன் சார்கூடத் தயங்கினார். "அத்தினி நாளா ஜெபர்சன்? பாவம்யா." நான்தான், "வெள்ளிக்கிழமை சொல்லிக்கலாம் சார்" என்றேன்.

இன்று புதன்.

"எங்கூட்டுக்காரரு இன்னா கிண்டல் தெரியுமா? இனிமே மேடம்னு கூப்டணுமான்றாரு," என்று அக்கா சிரித்தார். "இருங்காட்டுக்கோட்டைல ஒரு கம்பெனில செலக்ட் ஆயிருந்தேன். இன்னிக்கு ஜாயினிங். ஒரு வருசத்துல பர்மனென்ட்னு எழுதியே குடுக்கறாங்கோ. இங்கயே ஆயிட்ச்சே, அங்க எதுக்குன்னு நேத்து போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன்."

வாயில் கேசரி இருந்தது. அப்போதும் என் மூளை, இவரிடம் மட்டும் சொன்னால் எண்ணிக்கை எவ்வளவு கெடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

"அக்கா, அந்த மெசேஜ் கம்பெனி அனுப்பல. நான் அனுப்புனேன்."

"நீ அனுப்புனா இன்னா, அவங்க அனுப்புனா இன்னா? ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்லக்கா. பொய்யி. டெஸ்ட். யார் யார் ஏமாறுறாங்கன்னு பாக்க."

அக்கா புரியாமல் சிரித்தார். பிறகு சிரிப்பு மட்டும் முகத்தில் நின்றது. வாசல் பக்க மேசையில் அவர் லைன் பெண்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"என் பேரு போட்டு, எம்ப்ளாயி நம்பர் போட்டு வந்துச்சே ஜெபா?"

"நான்தான்க்கா போட்டேன்."

"நல்லாதான் போட்டிருந்த."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, அந்த கம்பெனிக்கு இப்பவே போன் பண்ணுங்க. நானும் பேசறேன்."

"நீ பேசாத."

லாக்கரிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். நான் நாலடி பின்னால் போனேன். புதுக் கார்களை ஏற்றிய டிரெய்லர் ஒன்று கேட்டருகில் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "சார், நேத்து வரலன்னு சொன்னேன்ல, செல்வலட்சுமி..." என்றார். அங்கே காத்திருக்கச் சொன்னார்கள் போல.

சங்கு ஊதியது. நீலத் தொப்பிக்காரர்கள் லைனுக்கு ஓடினார்கள். "மணியாச்சு செல்வி, வா!" என்று யாரோ இழுக்க, அக்கா கையை உதறிக்கொண்டார். கூட்டம் அவரைச் சுற்றிப் பிரிந்து ஓடியது. அவர் போனைக் காதோடு அழுத்தியபடி, தரையில் வெள்ளைக்கோடு கிழித்திருந்த பஸ் தடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார்.