வாரேனுங்க்கா

பேஸ்பால் என்று சொன்னால் எங்கள் பல்லடத்தில் பாதிப் பேர் "கிரிக்கெட்டுங்களா?" என்பார்கள். மீதிப் பேர் சிரிப்பார்கள். ஒருத்தன் பந்தை எறிவான், இன்னொருத்தன் உருண்டைக் கட்டையால் அடிப்பான், அடித்துவிட்டு நாலு மூலையையும் தொட்டு ஓடி வருவான், அவ்வளவுதான் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. எங்கள் அணியின் பெயர் பல்லடம் சேவல்கள். இந்த வருடம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை என்பதால் எதிரணிக்காரர்கள் 'பிராய்லர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிற எனக்கு அது எவ்வளவு உறைக்கும்!

ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு தூக்குப்போசி நிறைய முட்டை அவித்துக்கொண்டு, மிளகும் உப்பும் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துவேன். "தோக்கறதுக்குன்னே ஒரு டீமு, அதுக்குக் கத்தறதுக்குன்னே ஒரு கயல்விழி" என்பார் என் வீட்டுக்காரர் கௌதமன். அவர் டிவியில் எந்த அணி ஜெயிக்கிறதோ அதற்குக் கைதட்டுகிற ஆள். ஜெயிக்கும்போது கைதட்ட ஊரே வரும். தோற்கும்போது பக்கத்தில் ஒருத்தராவது உட்கார்ந்திருக்க வேண்டாமா?

எங்கள் அணியில் பந்து எறிகிறவன் ஆல்வின். எங்கள் தெருப் பையன். அவன் எறிந்தால் பந்து வருவது தெரியாது, பிடிக்கிறவன் கையில் விழுகிற சத்தம்தான் கேட்கும். அவன் இருந்தும் தோற்றோம் என்பது வேறு விஷயம். மற்றவர்கள் அடிக்க வேண்டுமே!

பாதி சீசனில் அவனுக்குச் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தான். தோசை சுட்டுப் போட்டேன். சாப்பிட்டுவிட்டு, பையிலிருந்து அணியின் சிவப்புச் சட்டையை எடுத்து நீட்டினான்.

"இதக் கொஞ்சம் வச்சிருங்க்கா."

"கடைசி மேட்சுக்கு வந்துருவியல்ல கண்ணு? அதுலயும் தோத்தா அடுத்த வருசம் லீக்குலயே எடமில்லைங்கறாங்க."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டே, "வாரேனுங்க்கா" என்றான்.

எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம். கடைக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் 'வாரேன்'தான். இழவு வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து நானும் அப்படித்தானே சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு அவன் என் கேள்விக்குப் பதில் சொன்னான் என்று நினைத்துவிட்டேன். அவன் வெறுமனே விடைபெற்றிருக்கிறான். புத்தி கெட்டவள்.

அதற்கப்புறம் அவன் மேட்சுக்கு வரவில்லை. புது வேலை, லீவு கிடைத்திருக்காது என்று நானே சமாதானம் செய்துகொண்டேன். கோச் வரதராஜுலு சாரிடம் கேட்டால், "பாக்கலாமுங்க அம்மணி" என்பார். பந்து பிடிக்கிற நசுருதீன், "வருவானுங்க்கா, மொதல்ல முட்டையக் குடுங்க" என்பான். நானும் கொடுத்தேன். தோற்றோம். அடுத்த வாரமும் அவித்தேன், அடுத்த வாரமும் தோற்றோம்.

கடைசி மேட்ச் சரவணம்பட்டி அணியோடு, அவர்கள் மைதானத்தில். இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு கையில் போசி, இன்னொரு கையில் துவைத்துத் தேய்த்து மடித்த சிவப்புச் சட்டை. இஸ்திரிக் கடையில் கொடுக்க மனசு வராமல் நானே தேய்த்தது.

மேட்ச் தொடங்கும் நேரம். கேட் பக்கமிருந்து நடந்து வருகிறான் ஆல்வின். அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? எழுந்து நின்று சட்டையைத் தலைக்கு மேலே ஆட்டினேன்.

"வந்துட்டான்! ஏனுங்க சார், நம்ம ஆல்வின் வந்துட்டான் பாருங்க!"

எங்கள் பையன்கள் ஒருத்தரும் திரும்பவில்லை. ஒருத்தன் ஷூ லேஸைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. ஆல்வின் கிட்டே வந்ததும்தான் அவன் போட்டிருந்த நீலச் சட்டை என் கண்ணில் பட்டது. எங்களைத் தாண்டி நேராக எதிர்ப் பக்கம் போனான். போகிற போக்கில் நசுருதீன் அவன் தோளில் தட்டினான், அவனும் சிரித்தான். நான் மட்டும் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். எதிர்ப் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சார், உங்களுக்குத் தெரியுமா?"

வரதராஜுலு சார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அந்தக் கம்பெனி டீமுதானுங்க இது. வேல குடுத்ததே அதுக்குத்தானுங்க. பையன் பொழப்பு நல்லா இருக்கோணுமல்லங்க, நாந்தான் அனுப்பி வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கென்னங்க?"

அவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். நசுருதீன்தான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆல்வின் இல்லேன்னா நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சுப்போட்டமுங்க்கா. நமக்குன்னு கத்தறதுக்கு நீங்க ஒருத்தர்தான இருக்கறீங்க."

ஆல்வின் போனதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். யாருக்குத்தான் நல்ல வேலை வேண்டாம்? வெயிலிலும் தூசியிலும் தோல்விக்கு மேல் தோல்வியாக இவர்களோடு உட்கார்ந்திருந்தேனே, அது இவர்களுக்காக என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே, அதுதான் நெஞ்சை அறுத்தது. இத்தனை நாளும் வாரா வாரம் ஏமாற்றி என்னை வரவழைத்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் சும்மாவே வந்திருப்பேன்.

உடனே எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. மேட்ச் நடக்கும்போது எழுந்து போகிற பழக்கம் எனக்கு இல்லை. உட்கார்ந்து கத்தினேன். "அடிங்கடா கண்ணுகளா! சேவலு!" என்று ஆல்வின் எறிந்த ஒவ்வொரு பந்துக்கும் கத்தினேன். அவன் பந்தை எங்களவர்களால் தொடக்கூட முடியவில்லை. நசுருதீன் ஒரே ஒரு தடவை தொட்டான், அதுவும் நேரே மேலே போய் ஆல்வின் கைக்கே வந்தது. தோற்றோம். லீக்கும் போனது.

கைகுலுக்கல் எல்லாம் முடிந்து ஆல்வின் என்னிடம் வந்தான். முகத்தில் கொஞ்சம்கூடக் கள்ளம் இல்லை.

"வாரேன்னு சொன்னேனல்லங்க்கா? வந்துட்டேன் பாருங்க. முட்ட இருக்குதுங்களா?"

பளாரென்று அறையத் தோன்றியது. ஆனால் பசி என்று வந்தவனை இல்லையென்று அனுப்பி எனக்குப் பழக்கமில்லை. போசியைத் திறந்து நீட்டினேன். மிளகு உப்பையும் கொடுத்தேன். அவன் தின்றான், எங்கள் பையன்களும் வந்து ஆளுக்கொன்று எடுத்துத் தின்றார்கள். எல்லாரும் ஒன்றாக நின்று, எதையோ பேசிச் சிரித்துக்கொண்டு தின்றார்கள்.

போசி காலியானது. மூடினேன். சிவப்புச் சட்டையைப் பெஞ்சில் வரதராஜுலு சார் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்.

"என்னங்க அம்மணி, அடுத்த ஞாயித்துக்கெழம பிராக்டீசுக்கு வாரீங்கல்ல?" என்றார் பின்னாலிருந்து.

நான் நடந்துகொண்டே இருந்தேன். முதலில் புரிந்தது நசுருதீனுக்குத்தான். வாயில் முட்டையோடு ஓடி வந்தான். "அக்கா, வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போங்க்கா! அக்கா!"

கேட் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே வந்தான். நான் சொல்லவில்லை.