றிப்கா வாசித்த முகவரி

எனக்குப் பொறுமை கிடையாது. வட்டகொடைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தபோது அரைக் கிலோவுக்காகக் கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கு நின்றவள் நான். இப்போது தொழிலாளர் லயத்து அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பனிகளுக்குத் தேயிலைப் பெட்டிப் படங்கள் வரைகிறேன். கூலி கிரிப்டோவாக வரும். மூன்று வருஷச் சேமிப்பைத் திறக்கும் ரகசியச் சாவி விரல் நீளக் கருவி ஒன்றில் இருந்தது. அந்தச் சேமிப்பை விற்றால்தான் வீடு கட்டுமளவுக்குப் பத்து பேர்ச் காணி வாங்கலாம். எங்கள் குடும்பத்தில் எவருக்கும் சொந்த மண் இருந்ததில்லை.

லயத்தில் சிக்னல் மோசம். ஹட்டனில் என் சிநேகிதி றிப்காவின் இன்டர்நெட் கடைக்கு லேப்டாப்போடு போனேன். கிரிப்டோவை வாங்குபவரின் வாலட் முகவரி போனில் வந்திருந்தது. அதை என் லேப்டாப்பில் போட்டு, கருவியை வயரால் இணைத்தேன்.

"இருங்க ஜெயந்தினி. வாசிச்சுப் பாத்துட்டுப் பட்டன அமத்துங்க," என்றாள் றிப்கா.

"கம்ப்யூட்டர்ல சரியாத்தானே காட்டுது? பஸ்ஸு போயிரும்."

"கம்ப்யூட்டர் பொய்யும் காட்டும். சாவி இந்தக் கருவிய விட்டு வெளிய வராது. கம்ப்யூட்டர் கேக்கிறதுக்கு இது கையெழுத்து மட்டும் போட்டுக் குடுக்கும். எதுக்குப் போடுதுன்னு இதோட ஸ்கிரீன்லதான் பாக்கணும். தராசு முள்ளப் பாக்காம கொழுந்த விடுவீங்களா நீங்க?"

முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு சம்மதித்தேன். அவள் என் போனைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். நான் கருவியின் குட்டித் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதல் நான்கும் சரி. நான் தனியாக இருந்திருந்தால் அதோடு அழுத்தியிருப்பேன்.

"ஏழு," என்றாள்.

திரையில் இருந்தது மூன்று.

அனுப்பாமல் ரத்து செய்தேன். பிறகு பார்த்தால், இலவசம் என்று நான் இறக்கிய வரைகலை மென்பொருளோடு வைரஸும் வந்திருந்தது. சாவியை அதனால் எடுக்க முடியாது. அதனால் கணினியில் சரியான முகவரியைக் காட்டிவிட்டு, கருவிக்கு வேறொன்றை அனுப்பி, என் கையாலேயே காணியைத் தொலைக்க வைக்கப் பார்த்தது.

கருவியை றிப்காவின் கணினியில் மாட்டி, மறுபடி முழுவதையும் வாசித்து அனுப்பினோம். பஸ் எப்போதோ போயிருந்தது.

"ஒங்களுக்கு எப்புடித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"எங்கட காசு இப்பிடித்தான் போச்சு. அன்னைக்கு வாசிக்க ஆளில்ல."

நன்றி சொல்ல வாயெடுத்து அழுதுவிட்டேன்.

போன மாதம் காணிக்கு உறுதிப் பத்திரம் எழுதினோம். பத்திரம் எழுதிய நொத்தாரிஸ், கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். வாங்கவில்லை நான். சாட்சிக்கு வந்திருந்த றிப்காவின் பக்கம் காகிதத்தைத் தள்ளினேன்.

"நீங்க வாசிங்க."

அவள் என் பெயரிலிருந்து தொடங்கினாள்.